நாலாம் பாடத்தில் நின்ற ராத்தா

எங்கள் வியாழக்கிழமை வகுப்பில் முப்பது பெண்கள் இருந்தோம். அறிவு தேடுகிறவருக்கு இருக்க வேண்டிய ஒழுக்கங்களைச் சொல்லும் பழைய கிதாபு ஒன்றை, மார்க்கம் படிப்பிக்கும் மௌலவியா பாடம் பாடமாகத் தமிழில் விளக்கி நடத்தினார். இருபத்தொன்பது பேர் அந்தக் கிதாபை ஒரே வருடத்தில் முடித்தோம். முடித்த நாளன்று புரியாணி சாப்பிட்டோம். மறு வருடம் திரும்பவும் முதலாம் பாடத்திலிருந்து தொடங்கினோம். முப்பதாவது ஆள் ஆறு வருடத்தில் பதினொரு பாடம்தான் படித்தார். அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். மற்ற இருபத்தொன்பது பேரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவரை எல்லோரும் ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மருதமுனை நெசவுக்காரர்களிடம் ஆண்கள் உடுத்தும் சாரனும் பெண்களுக்குச் சாரியும் எடுத்து, பெரிய பொட்டணமாகக் கட்டி, நிந்தவூர் வரைக்கும் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்பார். கணவர் மவுத்தான பிறகு இரண்டு பிள்ளைகளையும் அந்தப் பொட்டணத்தால்தான் வளர்த்தார். சொல்லி முடிக்கும் முன்பே சிரித்துவிடுகிற வாய் அவருக்கு. எந்த வீட்டில் என்ன சமைத்தார்கள், எந்த மருமகள் யாரோடு முகம் கொடுப்பதில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். கதை இல்லாமல் சாரி விற்காது என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி.

வகுப்புக்கு அவர் எங்களுக்கு அரைமணி நேரம் முந்தி வருவார். தனக்குரிய பாடத்தை மௌலவியாவிடம் தனியாகக் கேட்பார். நாங்கள் வந்து பாய் விரிக்கும்போது பொட்டணத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஏன் ராத்தா, எங்களோடும் இருந்து கேளுங்களேன் என்று நான் ஒருநாள் சொன்னேன். அவர் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வெளங்கினத்தச் செய்யாம மறுகா ஒண்டக் கேட்டா, ரெண்டும் சேந்து நாளைக்கு எனக்கு எதிராச் சாட்சி சொல்லும் டீச்சர்" என்றார்.

எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது. நான் கணித ஆசிரியை. பாடத்திட்டத்தை முடிக்காத ஒருவரை நான் மனிதராகவே மதிப்பதில்லை. இந்த வேகத்தில் போனால் கிதாபு முடிய நூறு வயதாகும் என்று பக்கத்தில் இருந்தவரின் காதில் சொன்னேன்.

முதலாம் பாடம் நிய்யத். எதற்காகப் படிக்க வந்தாய் என்று உன்னையே கேட்டுப்பார் என்பதுதான் அதன் சாரம். நாங்கள் எல்லோரும் அல்லாஹ்வுக்காக என்று கொப்பியில் எழுதி, அடிக்கோடும் போட்டு, இரண்டாம் பாடத்துக்குப் போய்விட்டோம். ராத்தா ஒரு மாதம் அதிலேயே நின்றார். பிறகு ஒரு வியாழக்கிழமை, நாங்கள் வந்த பின்னும் போகாமல் இருந்து, எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னார். வகுப்புக்குப் போகிற பெண் என்றால் வீட்டுக்காரர்கள் நம்பிச் சாமான் எடுப்பார்கள், அதற்காகத்தான் வந்தாராம். ஒரு மாதமாக அந்த எண்ணத்தோடு சண்டை பிடித்து, நேற்றுத்தான் மாற்றினாராம். இனி இரண்டாம் பாடம் தரலாம் என்றார். சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். மௌலவியா சிரிக்கவில்லை. தனக்கு அந்தப் பாடத்தை முடிக்க இன்னும் முடியவில்லை என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் பாடம் கோபம். கோபம் வந்தால் நின்றவர் உட்கார வேண்டும், உட்கார்ந்தும் அடங்காவிட்டால் படுக்க வேண்டும். நாங்கள் அதையும் எழுதிக்கொண்டோம். ராத்தா கல்முனைக் கடைத்தெருவில் செய்தார். ஒரு கடைக்காரர் அவருடைய சாரனை மட்டமாகப் பேசியிருக்கிறார். ராத்தாவுக்கு வாய் துடித்திருக்கிறது. அப்படியே கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் இன்னும் ஒரு வார்த்தை சொன்னதும், பொட்டணத்தைத் தலைக்கு வைத்து மெல்லச் சாயத் தொடங்கியிருக்கிறார். கடைக்காரர் பதறிப்போய்ச் சோடா உடைத்து, விசிறி, ஆட்டோவும் பிடித்துவிட்டார். ஆட்டோவில் ஏறும்போது ராத்தா சொன்னாராம், தனக்கு ஒன்றுமில்லை, பாடம் செய்கிறேன் என்று. அந்தக் கதையை ஊரே ஒரு மாதம் சொல்லிச் சிரித்தது. அந்தக் கடைக்காரர் மட்டும் பிறகு அவருடைய சாரனைக் குறை சொன்னதில்லை.

நாலாம் பாடம் நாவு. அதில்தான் எல்லாம் வந்தது.

ராத்தா நாலாம் பாடத்துக்கு வந்தபோது நாங்கள் கிதாபை ஒருமுறை முடித்து இரண்டாம் சுற்றில் இருந்தோம். இல்லாத ஒருவரின் குறையைப் பேசுவது கீபத். இல்லாத குறையை இட்டுக்கட்டிப் பேசுவது அதைவிடப் பெரிய பாவம். இது மனிதருக்குச் செய்த அநியாயம் என்பதால் அல்லாஹ்விடம் அழுதால் மட்டும் போதாது, அந்த மனிதரிடமே பொருத்தம், அதாவது மன்னிப்பு, வாங்க வேண்டும். மௌலவியா இந்த இடத்துக்கு வரும்போது நாங்கள் வந்துவிட்டோம். மிச்சத்தை அடுத்த கிழமை சொல்கிறேன் என்றார். மற்றவர்கள் என்றால் அடுத்த கிழமை வரை பொறுத்திருப்போம். அடுத்த கிழமைக்குப் பிறகும் பொறுத்திருப்போம். ராத்தா மறுநாள் காலையிலேயே தொடங்கிவிட்டார்.

எங்கள் ஊர்களில் ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ போகிறவர்கள் வீடு வீடாக வந்து, குற்றம் குறை இருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்பது வழக்கம். நாமும் என்ன குற்றம் என்று கேட்காமல், பொருந்தினோம், எங்களுக்கும் துஆச் செய்யுங்கள் என்று சொல்லி அனுப்புவோம். ஆகவே ராத்தா பொட்டணம் இல்லாமல் வந்து பொருத்தம் கேட்டதும், எல்லோரும் அவருக்குப் பயணம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தார்கள். ஸம்ஸம் தண்ணீருக்கு வெறும் போத்தலைக் கழுவிக் கையில் கொடுத்தவர்களும் உண்டு.

ஆனால் அவர் பொதுவாகக் கேட்கவில்லை. பாடம் பாடம்தானே. என்ன சொன்னேன், எந்த வீட்டில் சொன்னேன் என்று விபரமாகச் சொல்லிக் கேட்டார். ஒரு வீட்டில் போய், உங்கள் மருமகளுக்குச் சோறாக்கத் தெரியாது என்று நாலு இடத்தில் சொன்னேன் என்றார். அந்த மாமி கொஞ்சமும் யோசிக்காமல், அதை நான்தானே உனக்குச் சொன்னேன் என்றுவிட்டார். மருமகள் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அந்த வீட்டில் இரண்டு கிழமை அடுப்பு இரண்டாக எரிந்தது. இன்னும் இரண்டு மூன்று வீடுகளில் இதே கூத்துத்தான். ஆனாலும் கடைசியில் எல்லோரும் பொருந்தினார்கள். கேட்டவருக்கு இல்லை என்று சொல்வது எங்கள் பக்கத்தில் கேள்விப்படாத விஷயம்.

தொடங்கிய மறுநாள், சனிக்கிழமை காலை, எங்கள் வீட்டுக் கேற்றடியில் வந்து நின்றார். நான் முன்விறாந்தையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நானும் மற்றவர்களைப் போலத்தான், எப்ப பயணம் ராத்தா என்று கேட்டேன்.

அப்போது எங்கள் வீடு எப்படிக் கிடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். என் தங்கைக்குச் சாய்ந்தமருதில் ஒரு மாப்பிள்ளை பேசி, நாளும் குறித்திருந்தோம். பார்மசி வைத்திருக்கும் நல்ல பிள்ளை. எங்கள் வழக்கப்படி வாப்பா அவளுக்கென்று பக்கத்து வளவில் வீடு கட்டி, பெயின்றும் அடித்து முடித்திருந்தார். திடீரென்று ஒருநாள் தரகர் வந்து, அவர்கள் இப்போது வேண்டாம் என்கிறார்கள் என்றார். காரணம் கேட்டதற்கு நிலத்தைப் பார்த்தார். மூன்று மாதமாக அந்தப் புதுவீடு பூட்டிக் கிடந்தது. வாப்பா அந்தப் பக்கம் பார்க்காமல் பள்ளிக்குப் போய்வந்தார். தங்கை சாப்பிடுவதையே குறைத்துவிட்டாள். தன்னிடம் என்ன குறை என்று அவள் ஒருநாள் என்னைக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் கேற்றடியில் நின்றது.

"பயணமில்ல டீச்சர். உங்கட தங்கச்சிர கலியாணம் குழம்பினது என்னாலதான்" என்றார் ராத்தா.

நோன்பு மாதத்தில் ஒருநாள் பகல், தங்கை கிணற்றடியில் மயங்கி விழுந்ததை அவர் கண்டிருக்கிறார். மாப்பிள்ளையின் சாச்சி, அதாவது சின்னம்மா, வீட்டில் சாரி விரித்திருந்தபோது அதைச் சொல்லியிருக்கிறார். மயக்கம் என்று தொடங்கிய கதை, வலிப்பு என்று முடிந்திருக்கிறது. சின்ன வயதிலிருந்தே இருக்கிறதாம், வீட்டார் மறைக்கிறார்களாம் என்று வாலும் வைத்திருக்கிறார். இதையெல்லாம் அவர் ஒரு சொல் குறைக்காமல், என் முகத்தைப் பார்த்தே சொன்னார். பிறகு, பொருந்துங்க டீச்சர் என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் உட்காரவோ படுக்கவோ தெரியாது. கையில் இருந்த விடைத்தாள்கள் முற்றமெல்லாம் பறந்தன. தெருவில் போனவர்கள் நின்று பார்க்கும்படி கத்தினேன்.

"பொருந்தமாட்டன். மறுமையிலயும் பொருந்தமாட்டன்."

அவர் குனிந்து, பறந்த தாள்களைப் பொறுக்கி அடுக்கி, கதிரையில் வைத்தார். "ஓம் டீச்சர். அது உங்கட ஹக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். உரிமை என்னுடையது என்று அவரே ஒப்புக்கொண்டது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த வியாழக்கிழமை நான் வகுப்புக்குப் படிக்கப் போகவில்லை, சண்டைக்குப் போனேன். எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொல்லி, இதுதானா நீங்கள் படிப்பிக்கிற ஒழுக்கம் என்று மௌலவியாவைக் கேட்டேன். அவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. முகம் வெளுத்துப் போனது. பிறகு, உங்கள் போன வருடக் கொப்பியில் நாலாம் பாடத்தைத் திறந்து வாசியுங்கள் என்றார்.

என் கொப்பி எப்போதும் என்னோடு இருக்கும். அழகான கையெழுத்து, சிவப்பு மையால் அடிக்கோடு. வாசித்தேன். சொன்னால் மனம் புண்பட்டுப் பகை கூடும் என்றிருந்தால், பேசப்பட்டவரிடம் போய்ச் சொல்லாதே, அவருக்காகத் துஆச் செய். எந்தச் சபையில் குறை பேசினாயோ அந்தச் சபையிலேயே அவருடைய நல்லதைப் பேசு. பொய் சொல்லியிருந்தால், சொன்ன இடத்துக்கே போய், கேட்டவர்கள் முன்னாலேயே, நான் சொன்னது பொய் என்று சொல்.

"பாடத்தப் பாதியில விட்டது என்ட பிழ டீச்சர்" என்றார் மௌலவியா. "அதுக்கு நான் அல்லாஹ்க்கிட்டப் பதில் சொல்றன். ஆனா முழுப்பாடமும் கேட்ட இருபத்தொம்பது பேர் இரிக்கீங்க. அதில பாதியாவது செஞ்சது ஆரு?"

என் சிவப்பு அடிக்கோடு எனக்கே வெட்கமாக இருந்தது. மிச்சப் பாதியை, அன்று வராத ராத்தாவிடம் யார் கொண்டுபோய்ச் சொல்வது என்று மௌலவியா கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

விருப்பத்தோடு போகவில்லை. தங்கைக்காகத்தான் அன்றே போனேன். ராத்தா வீட்டில் பொட்டணம் ஒரு மூலையில் அவிழ்க்காமல் கிடந்தது. நான் பொருந்தாத நாளிலிருந்து அவர் விற்கப் போகவில்லை என்று மகள் சொன்னாள். கொப்பியைத் திறந்து வாசித்தேன். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். இரண்டாம் முறை வாசித்து முடித்ததும் அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தான் இன்னும் பாடத்தை முடிக்கவில்லை, அதனால்தான் நெஞ்சு அடைத்துக் கிடந்தது என்றார். அந்தக் கதையைச் சாய்ந்தமருதில் நாலு வீட்டில் சொன்னதாக விரல் மடித்தார். பிறகு, நாளை மறுநாள் என்னையும் கூட வரச் சொன்னார்.

"நான் வெக்கத்தில கூட்டிக் குறைச்சுச் சொல்லிப்போட்டா, நீங்கதான் டீச்சர் மறிக்கோணும்."

சனிக்கிழமை பஸ்ஸில் போனோம். சாச்சி வீட்டில் ராத்தா எப்போதும்போலப் பாயில் சாரிகளை விரித்தார். அதைக் கண்டதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் எப்போதும்போல வந்து கூடினார்கள். கதவோரம் நின்ற என்னை யாரென்று தெரிந்ததும் பேச்சு நின்றுபோனது. ராத்தா ஒரு சாரியையும் கையில் எடுக்கவில்லை.

"அண்டைக்கு இந்தப் பாயிலதான் இருந்தன். டீச்சர்ர தங்கச்சிக்கு வலிப்பு எண்டு நான் சொன்னது பொய். நோன்போட, வெயிலுக்க, ஊட்டுக்கெல்லாம் தண்ணி அள்ளிப்போட்டு ஒரு நாள் மயங்கி உழுந்தா. கண்டது அவ்வளவுதான். நீங்க கிட்டக்கிட்ட வந்து கேட்டீங்க, கேக்கக் கேக்க நான் கூட்டினன். அண்டைக்கு யாவாரமும் நல்லாப் போச்சி. நான் பொய்க்காரி. அந்தப் புள்ள தங்கம்."

அவருடைய குரல் நடுங்கவில்லை. நான் மறிக்க ஒரு சொல்லும் இருக்கவில்லை. இனிமேல் என்னிடம் வாங்குவதும் விடுவதும் உங்கள் விருப்பம் என்று சொல்லிச் சாரிகளை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினார். ஒருவரும் வாங்கவில்லை. இருபது வருடம் நடந்து சேர்த்த வாடிக்கையை ஒரு பெண் தன் வாயாலேயே கவிழ்ப்பதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கோபம் எந்த இடத்தில் கழன்று விழுந்தது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

கடைசிச் சாரியை மடிக்கும்போது சாச்சி, இன்னும் எத்தனை வீடு என்று கேட்டார். மூன்று என்றார் ராத்தா. சாச்சி உள்ளே போனார். அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"நானும் வாறன். நீங்க நாலு ஊட்டுல சொன்னீங்க, நான் ஏழு ஊட்டுல சொன்னன்" என்றார்.

அதைக் கேட்டு இன்னொருவர் எழுந்தார். அவர் ராத்தாவுக்கு முந்தியே மாப்பிள்ளையின் தாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவராம். அடுத்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்தார்கள், அதற்கடுத்த வீட்டில் இன்னும் மூவர். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அன்று ஊர் வாய் தானாகவே திரும்பி நடந்தது. சாய்ந்தமருது ஒழுங்கையில் பட்டப்பகலில் ஒன்பது பெண்கள், பொட்டணத்தோடு ராத்தா முன்னால், நான் கடைசியில், பெண் பார்க்கப் போகிற கூட்டம்போலப் போனோம். ராத்தாவின் விரல்களில் கடைசியாக மடங்கியிருந்தது மாப்பிள்ளை வீடு.

மாப்பிள்ளையின் தாய் எங்களைக் கண்டதும் பயந்துபோய், ஆர் மவுத்து என்று கேட்டார். ஒருவரும் மவுத்தாகவில்லை என்று சொல்லி, ஒன்பது பேரில் எட்டுப் பேர் தாங்கள் சொன்னதைச் சொல்லி, அது பொய் என்றும் சொன்னோம். இல்லை, சொன்னார்கள். நான் சும்மா நின்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"தங்கச்சிக்கு வேற எடம் பேசியாச்சா மகள்?"

"இல்ல மாமி."

"இண்டைக்குப் பின்னேரம் நாங்க வாறம். வாப்பாட்டச் சொல்லுங்க. நாங்களும் பொருத்தம் கேக்க இரிக்கி."

பின்னேரம் வந்தார்கள். வாப்பா மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தப் புதுவீட்டைத் திறந்து, அங்கேதான் அவர்களை உட்காரவைத்தார். தங்கை தேநீர்த் தட்டோடு வந்தபோது மாப்பிள்ளையின் தாய் எழுந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். ஒரு மாதத்தில் நிக்காஹ் முடிந்தது. அந்தப் பெண்கள் எட்டுப் பேரும் வந்தார்கள். நான் ராத்தாவின் கையைப் பிடித்து, கூட்டத்தின் நடுவில் வைத்து, பொருந்தினேன் என்று சத்தமாகச் சொன்னேன். அவர் சிரித்தார், சிரித்தபடியே அழுதார். யாவாரம் ஒரு மூன்று மாதம் படுத்துத்தான் கிடந்தது. அதன் பிறகு, இந்தச் சாரி சாயம் போகும் என்று ராத்தா சொன்னால் போகும், போகாது என்றால் போகாது என்று பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள்.

இதுவரை நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. ராத்தா எங்கள் கேற்றடிக்கு வந்த பிறகு வந்த திங்கட்கிழமை, பாடசாலையில் ஆசிரியர் அறையில் எல்லோரையும் கூட்டிவைத்து அவரைப் பற்றிச் சொன்னேன். அவர் செய்ததைச் சொன்னேன். அதோடு நிற்கவில்லை. வேறொரு பெண் வீட்டாரிடம் கைக்கூலி வாங்கிக்கொண்டுதான் அவர் அப்படிச் செய்தார் என்றும் சொன்னேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும். எல்லோரும் கிட்டக்கிட்ட வந்து கேட்டார்கள்.

நிக்காஹ் முடிந்த மறு கிழமை, இடைவேளையில், அதே அறையில் எழுந்து நின்றேன். இருபது பேர் கோப்பையும் கையுமாக இருந்தார்கள். ராத்தாவுக்கு எப்படிக் குரல் நடுங்காமல் இருந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. அந்தத் திங்கட்கிழமை நான் சொன்ன கைக்கூலிக் கதை பொய், என் வாயால் இட்டுக்கட்டியது, அந்தப் பெண் என்னைவிட நேர்மையானவர் என்று சொல்லி முடித்தேன். அவமானத்தில் உட்காரப் போனேன்.

யன்னலோரம் இருந்த விஞ்ஞான ஆசிரியர், இருபத்தைந்து வருடம் படிப்பித்தவர், கோப்பையைக் கீழே வைத்தார்.

"டீச்சர், நீங்க இரிங்க. போன வருசம் இதே அறையில நான் ஒராளப் பத்திச் சொன்ன கத ஒண்டு இரிக்கி. அவரும் இப்ப இஞ்ச இரிக்காரு."

சொல்லிக்கொண்டே எழுந்து நின்றார். இடைவேளை முடிகிற மணி அடித்தது. ஒருவரும் அசையவில்லை.